சேயாளர், அருகாளர் இயல்

எந்த விண்டோஸ் பதிப்பைப் போட்டால் வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணினிக்குள் போய்வரலாம் என்ற கேள்விக்குத் தமிழில் முறையான நூல் கிடையாது. வாய்மொழி மரபு மட்டும் உண்டு. அம்மரபு மூன்று பள்ளிகளாகப் பிரிந்து கிடக்கிறது. "புதுசா வந்ததைப் போடுங்க சார்" என்பது கடைக்காரர் பள்ளி. "ஓடுறதை ஏன் சார் தொடணும்" என்பது கணக்கர் பள்ளி. மூன்றாவது, ஃபார்மட் அடித்துக் கொடுக்கும் தம்பியின் பள்ளி. அதற்குக் கொள்கை கிடையாது. அன்றைக்குப் பென் டிரைவில் எது இருக்கிறதோ அதுவே பதிப்பு. மூன்றில் கடைப்பிடிப்போர் மிகுந்தது இக்கடைசிப் பள்ளியே.

ஆராய்ச்சிக்கு இரண்டு கலைச்சொற்கள் வேண்டும். தொலைவிலிருந்து ஒரு கணினியை இயக்க முற்படுபவர் சேயாளர். அந்தக் கணினிக்கு முன்னாலோ, அதே அறையிலோ, கூப்பிட்டால் கேட்கும் தூரத்து டீக்கடையிலோ இருப்பவர் அருகாளர். மென்பொருள் விற்பவர்களின் விளம்பரங்களில் சேயாளர் கடற்கரையில் மடிக்கணினியோடு சிரித்துக்கொண்டிருப்பார். அருகாளரை எந்த விளம்பரத்திலும் காண முடியாது. ஆனால் பதிப்புப் பொருத்தம் என்று நாம் சொல்லும் சிக்கல் முழுவதும் அருகாளரைப் பற்றியதே என்பது என் துணிபு. தொலை அணுகல், அருகில் ஆள் இருந்தால் மட்டுமே நடக்கிறது. ஒவ்வொரு புதிய பதிப்பும் இந்த உண்மையை இன்னும் கொஞ்சம் உறுதிப்படுத்திவிட்டுப் போகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1998இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி 4.0இன் டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. பலர் ஒரே கணினிக்குள் ஒரே நேரத்தில் நுழையும் வித்தையைச் சிட்ரிக்ஸ் நிறுவனத்திடம் உரிமம் பெற்று அதில் சேர்த்திருந்தார்கள். கூடவே பிறந்தது ஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறை. அதன் வாசல் எண் 3389. 2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தபோது இது சாமானியர் மேசைக்கு இறங்கியது. இறங்கும்போதே இரண்டு வகுப்பாகவும் பிரிந்தது. ப்ரொஃபெஷனல் பதிப்புக்குள் வெளியார் நுழையலாம். ஹோம் பதிப்புக்குள் நுழைய முடியாது. ஆனால் ஹோமிலிருந்து கிளம்பிப் பிறருடைய ப்ரொஃபெஷனலுக்குள் தாராளமாகப் போகலாம். ஊரார் வீட்டு விருந்துக்கெல்லாம் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டுத் தன் வீட்டுக்கு ஒருவரையும் கூப்பிடாத சித்தப்பா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பாரே, அவர்தான் ஹோம் எடிஷன்.

2007இல் கடைக்கு வந்த விஸ்டா, வகுப்புகளைப் பெருக்கியது. பிசினஸ், எண்டர்பிரைஸ், அல்டிமேட் ஆகியவை வெளியாரை ஏற்றன. ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம் ஏற்கவில்லை. பிரீமியம் என்ற சொல்லை நம்பிக் கூடுதலாகப் பணம் கொடுத்தவர்களுக்குக் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஜன்னல் விளிம்பு கிடைத்தது. பிறகு 7, 8, 10, 11 என்று வந்தன. 9 ஏன் வரவில்லை என்பது எண்ணியலார் ஆராய வேண்டியது. இத்தனை பதிப்புகளில் ஸ்டார்ட் பட்டன் போனது, திரும்பி வந்தது, நடுவுக்கு நகர்ந்தது. ஹோம் மட்டும் மாறவே இல்லை. இன்றைக்கும் 11 ஹோமில் ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தைத் திறந்தால், உங்கள் ஹோம் எடிஷனில் இந்த வசதி இல்லை என்று அறிவிக்கிறது. இல்லாத ஒன்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி வைத்திருப்பது விருந்தோம்பலில் சேருமா என்பது ஆய்வுக்குரியது.

தொலை அணுகலில் இரு நெறிகள் உண்டு: விலக்கு நெறி, உடனிருப்பு நெறி. ரிமோட் டெஸ்க்டாப் விலக்கு நெறியைச் சேர்ந்தது. சேயாளர் உள்ளே நுழைந்ததும் அருகாளரின் திரை பூட்டிக்கொள்ளும். அவர் உள்ளே வேலையாக இருந்தால், இன்னார் வர விரும்புகிறார் என்று ஒரு பெட்டி தோன்றி, 30 நொடி பொறுத்துப் பார்க்கும். மறுக்காவிட்டால் வெளியேற்றிவிடும். மௌனம் சம்மதம் என்ற கொள்கையை இவ்வளவு தெளிவாகக் கால அளவோடு வகுத்தவர்கள் வேறு யாரும் இல்லை. சர்வர் அல்லாத விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பது விதி. இவ்விதியை உடைக்க, டெர்ம்எஸ்ஆர்வி என்ற கோப்பை ஏமாற்றி நாலு பேரை ஒரே கணினியில் டேலி போட வைக்கும் முறை ஒன்று உலவுகிறது. அது உரிமத்துக்குப் புறம்பானது, எனவே பரவலானது. அந்த ஏமாற்று, கோப்பின் பதிப்பு எண்ணோடு கடைசி இலக்கம் வரை பொருந்தினால்தான் வேலை செய்யும். மைக்ரோசாஃப்ட் ஓர் அப்டேட் விட்டு அந்தக் கோப்பு மாறிய மறுநாள் காலையில் நாலு பேரில் மூன்று பேர் டீ குடிக்கப் போவார்கள்.

உடனிருப்பு நெறியில் சேயாளரும் அருகாளரும் ஒரே திரையைப் பார்ப்பார்கள், ஒரே அம்புக்குறியை இரண்டு திசையில் இழுப்பார்கள். இதன் மூதாதை விஎன்சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஒலிவெட்டி நிறுவனம் தொடங்கிப் பின்னர் ஏடி அண்டு டி கைக்குப் போன ஆய்வகத்தில் பிறந்தது. ஆய்வகத்தை 2002இல் மூடிவிட்டார்கள், விஎன்சி பிழைத்துக்கொண்டது. பழைய விஎன்சி, பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்தை மட்டுமே பார்க்கும். ஒன்பதாவது எழுத்திலிருந்து நீங்கள் என்ன எழுதினாலும் அது உங்கள் சொந்த விஷயம். பின்னர் டீம்வியூவர் 2005இலும், எனிடெஸ்க் 2014இலும் பிறந்தன. இரண்டும் ஜெர்மனியின் ஒரே மாநிலத்தில் தோன்றியவை. டீம்வியூவரில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது: புதிய பதிப்பு பழையதற்குள் போகலாம், பழையது புதியதற்குள் போகலாகாது. அந்தப் பக்கத்தில் என்ன பதிப்பு என்று தெரியாமல் எதுவும் தொடங்க முடியாது என்பதால், பதிப்பறிதல் தனிக்கலையாக வளர்ந்தது. அது முழுக்க முழுக்கப் போனில் நடப்பது. மாதிரிக்கு ஒன்று:

"அண்ணா, கீபோர்டுல கீழ இடது பக்கம் ஜன்னல் படம் போட்ட பட்டன் இருக்கா?"

"இருக்கு தம்பி."

"அதை அமுக்கிக்கிட்டே ஆர் அடிங்க."

"யாரு?"

"ஆர் அண்ணா, ஆர். ராஜாவுக்கு முதல் எழுத்து."

"ராஜா சார் இன்னும் வரலையே தம்பி."

"அவர் வேணாம்ணா. அந்த எழுத்தை அடிங்க போதும்."

"அடிச்சிட்டேன்."

"இப்ப என்ன தெரியுது?"

"முருகர் தெரியுறாரு."

முருகர் தெரிவதிலிருந்து அறிய வேண்டியவை சில. கணினி ஓடுகிறது. அருகாளர் ஆர் எழுத்துக்குப் பதில் டி-யை அழுத்தியிருக்கிறார். அது எல்லா ஜன்னல்களையும் கீழே இறக்கி டெஸ்க்டாப் படத்தைக் காட்டும் கட்டளை. பாதி அடித்த வவுச்சர் ஒன்று கீழே போயிருக்கிறது. மாலையில் அதற்கும் ஒரு போன் வரும். விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

அருகாளர் மூவகைப்படுவர். திரையில் உள்ளதை எழுத்துக்கூட்டியாவது அப்படியே வாசிப்பவர் தலையாயவர். "ஏதோ எரர்னு வருது" என்பவர் இடைப்பட்டவர். "ஒரு பெட்டி வந்துச்சு, மூடிட்டேன்" என்பவர் கடையர். அலுவலகங்கள் ஆளெடுக்கும்போது டேலி தெரியுமா என்று கேட்கின்றனவே ஒழிய, வாசிக்க வருமா என்று கேட்பதில்லை.

விஸ்டா இன்னொரு காரணத்தாலும் நினைக்கத் தக்கது. செயலி ஏதாவது கணினியில் கை வைக்கப் பார்த்தால், அனுமதிக்கலாமா என்று கேட்கும் பெட்டி அதோடுதான் வந்தது. அந்தப் பெட்டி தனித்திரையில் தோன்றும். உரிய அதிகாரத்தோடு நிறுவாமல் அவசரத்துக்கு ஓட்டும் தொலை அணுகல் மென்பொருளால் அத்திரையைப் பார்க்க முடியாது. சேயாளருக்குக் கறுப்பு, அருகாளருக்கு எஸ், நோ. "எஸ் குடுங்கண்ணா" என்று சேயாளர் கெஞ்சுவார். முன்பின் தெரியாத எதற்கும் எஸ் கொடுக்காதே என்று வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியைப் படித்திருக்கும் அண்ணன், நோ கொடுப்பார். இருவருமே தத்தம் கடமையைச் சரியாகச் செய்தார்கள்.

ஆப்பிள் இதைச் செம்மைப்படுத்தியது. 2019இல் வந்த கேட்டலினா முதல், திரையைப் பிறருக்குக் காட்ட விரும்பும் செயலிக்கு மேக் கணினியில் தனி அனுமதி தர வேண்டும். தராவிட்டால் இணைப்பு அறுந்துபோகாது. இணைப்பு நன்றாகவே இருக்கும், பின்னணிப் படம் மட்டும் தெரியும். ஜன்னல்கள் ஒன்றும் தெரியா. அதாவது அருகாளர் எதையும் தவறாக அழுத்தாமலேயே சேயாளருக்கு முருகர் தரிசனம் கிடைக்கும். அனுமதியைக் கணினிக்கு முன்னால் இருப்பவர்தான் தர வேண்டும். 2024இல் வந்த செக்கோயா, சில செயலிகளுக்குக் கொடுத்த அனுமதியை மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டி மறுபடி கேட்கிறது.

லினக்ஸ் அன்பர்கள் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். அவர்களுடைய எக்ஸ்11 சாளர முறை 1987 முதல் இருப்பது. ஒரு செயலி இன்னொரு செயலியின் திரையைப் பார்க்கலாம், அடிக்கும் எழுத்தையும் ஒட்டுக்கேட்கலாம், ஒளிவுமறைவற்ற கூட்டுக்குடித்தனம். தொலை அணுகல் மென்பொருளுக்கு அது பொற்காலம். வேலண்டு என்ற புதிய முறை இந்த எட்டிப்பார்த்தலைத் தடுத்தது. உபுண்டு 2021இல் வேலண்டை இயல்பாக்கியபோது எனிடெஸ்க் முதலானவை கண்ணிழந்து நின்றன. பரிகாரம்: லாகின் திரையின் மூலையிலுள்ள பல்சக்கரத்தைச் சொடுக்கிப் பழைய எக்ஸ் அமர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் சொடுக்குவது என்பதை வாசகர் இதற்குள் ஊகித்திருப்பார். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் அந்தப் பழைய அமர்வையும் எடுத்துவிட்டார்கள்.

பொருத்தவியலின் தலையாய நிகழ்வு 2018 மே மாதம் நடந்தது. ரிமோட் டெஸ்க்டாப் நுழையும்போது பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கைமாற்றும் கிரெட்எஸ்எஸ்பி என்ற பகுதியில் ஓட்டை இருந்தது. மார்ச்சில் பேட்ச் வந்தது. மே மாத அப்டேட்டில் கட்டுப்பாடு இறுகியது: பேட்ச் போட்ட கணினி, பேட்ச் போடாத சர்வருக்குள் போக மறுக்கும். சேயாளர்களின் கணினிகள் இரவோடிரவாகத் தாமே அப்டேட் ஆகிவிட்டன. சர்வர்கள் ஆகவில்லை, சர்வர் அறைகளில் கணக்கர் பள்ளியே ஆட்சி செய்வதால் அவற்றை யாரும் தொடுவதில்லை. சர்வருக்குப் பேட்ச் போட உள்ளே போக வேண்டும். உள்ளே போக சர்வரில் பேட்ச் இருக்க வேண்டும். பைத்தியம் தெளியாமல் கல்யாணம் முடியாது, கல்யாணம் முடியாமல் பைத்தியம் தெளியாது என்ற பழமொழிக்கு உலகளாவிய செயல்விளக்கம் நடந்த வாரம் அது.

சிலர் அருகாளர் ஒருவரை சர்வர் அறைக்கு அனுப்பினார்கள். அனுப்ப ஆள் இல்லாதவர்கள், தம் கணினியில் போட்டிருந்த பாதுகாப்பு அப்டேட்டை நீக்கிவிட்டு, பாதுகாப்பில்லாமல் உள்ளே போய், அங்கே பாதுகாப்பு அப்டேட்டைப் போட்டார்கள். இன்னும் சிலர், குரூப் பாலிசியில் ஓர் அமைப்பை மாற்றினார்கள். அதில் தேர்ந்தெடுக்க வேண்டிய சொல்லை மைக்ரோசாஃப்டே பொறித்து வைத்திருந்தது: வல்னரபிள். நேர்மையான மென்பொருள் வாசகங்களைத் தொகுப்போர் இதற்கு முதலிடம் தருவார்கள். அமைப்பைப் பழையபடி மாற்ற வேண்டும் என்பதை வேலை முடிந்த மகிழ்ச்சியில் எத்தனை பேர் மறந்தார்கள் என்பதை ஊகத்துக்கு விடுகிறேன்.

இந்தியாவில் இதற்கென்று ஒரு கிளைச் சிக்கல் உண்டு: டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். கம்பெனிகளின் வரித் தாக்கலுக்கும் கம்பெனி விவகார அமைச்சகத் தாக்கலுக்கும் வேண்டிய கையெழுத்தைப் பென் டிரைவ் போலிருக்கும் ஒரு டோக்கனில் அடைத்துத் தருகிறார்கள். ஆடிட்டர் அலுவலகங்களில் பல இயக்குநர்களின் கையெழுத்துகள், பெயர் எழுதி ஒட்டி, ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும். டோக்கன் உரியவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பதை இங்கே கிளற வேண்டாம்.

செப்டம்பர் 30, வரித் தணிக்கை அறிக்கைக்குச் சட்டம் குறித்த கெடு நாள். இரவு. டோக்கன் அலுவலகக் கணினியில் செருகியிருக்கிறது. ஆடிட்டர் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதே கணினிக்குள் போகிறார். டோக்கன் இல்லை என்கிறது. ப்ரோ பதிப்புதான், டிரைவர் சரி, அப்டேட் சரி. ஆனாலும் இல்லை. கோளாறு எதிலும் இல்லை, கோட்பாட்டில் இருக்கிறது. ஸ்மார்ட் கார்டு என்பது ஆளோடு வருவது என்று ரிமோட் டெஸ்க்டாப் நம்புகிறது. ஆள் வீட்டில் இருப்பதால், வீட்டுக் கணினியில் செருகியதைத்தான் அலுவலகத் திரைக்குக் கொண்டுவரும். அலுவலகத்தில் செருகியது அருகாளருடையது. சேயாளரின் கண்ணுக்கு அது படாது. எனிடெஸ்க்கில் போனால் படும், ஏனெனில் எனிடெஸ்க் அருகாளரின் அமர்வுக்குள்ளேயே போய் உட்காருகிறது. பாதுகாப்பு நோக்கில் மைக்ரோசாஃப்டின் கொள்கையே சரியானது. அதனால்தான் ஆடிட்டர்கள் எனிடெஸ்க் வைத்திருக்கிறார்கள்.

எனிடெஸ்க்கை ரிசர்வ் வங்கியும் அறியும். 2019 பிப்ரவரியில் பெயர் சொல்லியே எச்சரித்தது. வாடிக்கையாளரைப் போனில் அழைத்து, செயலியை நிறுவ வைத்து, 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி, யுபிஐ வழியாகப் பணத்தை உருவும் கும்பல்கள் பற்றியது அந்த எச்சரிக்கை. இலக்கண நோக்கில் இது முக்கியமான சான்று. திருடருக்கும் அருகாளர் வேண்டும். திருடர் பேசுவதும் சப்போர்ட் தம்பி பேசுவதும் ஒரே வாக்கியம்தான்: "சார், ஒரு நம்பர் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுங்க." இருவரையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. திருடர் பொறுமையாகப் பேசுவார்.

அருகாளர் வேண்டாத சேயாளரும் உண்டு. ரூட்டரில் 3389 என்ற வாசலைத் திறந்துவிட்டு மறந்துபோன அலுவலகங்களுக்கு அவர் அழையாமலே வருவார். 2019 மே மாதம் வெளிப்பட்ட ப்ளூகீப் ஓட்டை வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸுக்குள் நுழையலாம் என்று தெரிந்தது. 8, 10 பதிப்புகளில் அந்த ஓட்டை இல்லை. மைக்ரோசாஃப்ட், 2014லேயே ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்கும் பேட்ச் வெளியிட்டது. ஐந்தாண்டுகளுக்குப் பின் பேட்ச் வந்ததை, ஓடுறதை ஏன் தொடணும் என்போர் இன்றைக்கும் தங்கள் வெற்றியாகவே எடுத்துக்காட்டுகிறார்கள்.

அருகாளரின் இன்றியமையாமை ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட நாள் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான கோப்பால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பரிகாரம் எளிது: சேஃப் மோடில் கணினியைத் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டும். ஆனால் முழுதாக எழவே முடியாத கணினிக்குள் எந்தப் பதிப்பின் எந்த மென்பொருளும் தொலைவிலிருந்து நுழையாது. ஒவ்வொரு கணினிக்கும் ஒருவர் நடந்து போனார். பிட்லாக்கர் பூட்டு இருந்த இடங்களில் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது. ஒருவர் வாசிக்க மற்றவர் தட்டினார். ஆள் இல்லாமலே உலகெங்கும் கணினிகளை மேலாளும் துறை, அன்றைக்கு வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைந்தது.

இதற்கு விலக்காக வாயேஜர் 1ஐக் காட்டுவார்கள். 1977இல் ஏவிய விண்கலம். 2023 நவம்பரில் பொருளற்ற தகவலை அனுப்பத் தொடங்கியது. சிக்னல் ஒருவழி போய்ச்சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். தொலைவு 2400 கோடி கிலோமீட்டருக்கும் மேல். நாசா பொறியாளர்கள், பழுதான மெமரி சிப்பில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறிடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் அதைத் திரும்பப் பேச வைத்தார்கள். அங்கே எஸ் கொடுக்க அண்ணன் இல்லை. அப்படியானால் அருகாளர் இல்லாத் தொலை அணுகல் இயலும் அல்லவா என்பர். இயலும். ஆள் போகவே முடியாத இடத்துக்கு அனுப்பும் கணினியை, ஆள் வேண்டாதபடி செய்கிறார்கள். தாம்பரத்துக்கு அனுப்பும் கணினியை அப்படிச் செய்வதில்லை. தாம்பரத்துக்கு ரயில் இருக்கிறது.

இனிப் பதிப்புத் தேர்வு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இரண்டும் இருந்து, 10 ஹோமை 11க்கு ஏற்றினால் 11 ஹோம் கிடைக்கும். சித்தப்பா குணம் மாறாது. ஆகவே ப்ரோ வாங்குக. பணம் கட்டி, 25 எழுத்துச் சாவியை இட்டு, ரீஸ்டார்ட் ஆனபின் ரிமோட் டெஸ்க்டாப் பக்கத்தைத் திறந்தால், முன்பு மறுப்பு வாசகம் இருந்த இடத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். எக்ஸ்பி ப்ரொஃபெஷனல் காலந்தொட்டே இவ்வசதி ஆஃப் நிலையில்தான் வருகிறது. ஆன் செய்ய, அந்தக் கணினிக்கு முன்னால் ஒருவர் போய் உட்கார வேண்டும். போக இயலாதவர்கள் எனிடெஸ்க் வழியாக உள்ளே போயும் ஆன் செய்யலாம். அந்தப் பக்கத்து எண்ணை வாசித்துச் சொல்ல அண்ணனைக் கூப்பிட வேண்டும்.